கேளிக்கைக்குக் காசு கொடுப்பது யார்? பொழுதுபோக்கும் சமூகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடக வரலாறு பற்றி வாசகர் வட்டங்களிலும் கல்லூரிகளிலும் பேசப் போகிறவன் நான். பேச்சு முடிந்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்தக் கேளிக்கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அது தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

1. பொழுதுபோக்குன்னா சும்மா நேரத்தைப் போக்குறதுதானே? அதுக்குச் சமூகத்துல என்ன பெருசா பங்கு இருக்கு?

நேரத்தைப் போக்குவதே சில சமயம் பெரிய வேலைதான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் லிடியா நாட்டைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். அங்கே கடும் பஞ்சம். ஒரு நாள் முழுக்கப் பகடையும் பந்தும் ஆடிப் பசியை மறப்பார்கள், மறுநாள் சாப்பிடுவார்கள். இப்படியே 18 ஆண்டுகளை ஓட்டினார்களாம். அப்படியே நடந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். ஆனால் விளையாட்டு எதற்கு என்று கேட்டால் பசியைத் தாங்குவதற்கு என்று பதில் சொல்ல, 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

நாட்டிய சாஸ்திரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. துயரப்படுகிறவர்கள், உழைத்துக் களைத்தவர்கள் ஆகியோருக்கு இளைப்பாறுதல் தருவது நாடகத்தின் பயன்களில் ஒன்று என்கிறது. இதோடு நிற்பதில்லை. முகம் தெரியாதவர்களை ஓரிடத்தில் கூட்டுவது, அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்ய இடம் கொடுப்பது, எது சரி எது தப்பு என்று வாதாட ஒரு கதையைக் கையில் தருவது எல்லாமே கேளிக்கை காலங்காலமாகச் செய்துவரும் வேலைகள்.

2. அந்தக் காலத்து மனுஷனுக்குச் சாப்பாடு தேடவே நேரம் பத்தியிருக்காது. பொழுதுபோக்கெல்லாம் இருந்துச்சா?

இருந்தது. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கழுகு இறக்கை எலும்பில் ஐந்து துளை போட்டுச் செய்த புல்லாங்குழல் 2008-இல் கிடைத்தது. வயது 35,000 ஆண்டுகளுக்கும் மேல். விவசாயம் தொடங்கப் பல்லாயிரம் ஆண்டுகள் இருந்த காலம் அது. எலும்பைத் தேர்ந்து, அளந்து, துளையிட்டு, ஊதிப் பார்த்துத் திருத்த யாருக்கோ நேரம் இருந்திருக்கிறது. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) ‘ஊர்’ என்றே பெயர் கொண்ட பழைய நகரத்தின் கல்லறைகளில் கிடைத்த காய் நகர்த்தும் பலகைக்கு ஏறத்தாழ 4,500 வயது.

தொழில் நேர்த்தியும் பழசுதான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள் உண்டு. தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி பார்த்து விளக்கு வைத்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. மேடைக்கு விளக்குப் போட்டு அனுபவப்பட்ட எவருக்கும் அந்தத் தலைவலி புரியும்.

3. அப்போ டிக்கெட் எல்லாம் உண்டா? செலவை யார் பார்த்துக்கிட்டாங்க?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏதென்ஸில் டயோனிசஸ் என்ற தெய்வத்தின் விழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்றால், நகரத்தின் அதிகாரி ஒரு பணக்காரரைக் கைகாட்டுவார். பாடற்குழுவின் பயிற்சி, உடை, சாப்பாடு எல்லாம் அவர் செலவு. பணக்காரருக்கு அது கிட்டத்தட்ட ஒரு வரி. ஆனால் குழு பரிசு வாங்கினால் பெயர் அவருக்கு. லைசிக்ரடீஸ் என்ற ஒருவர் தன் குழு வென்றதற்காக எழுப்பிய நினைவுச் சின்னம் இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், டிக்கெட் வாங்க முடியாத குடிமக்களுக்காக அரசு தனி நிதியே வைத்திருந்தது. ரோமில் இன்னும் தாராளம். கி.பி. 80-இல் டைட்டஸ் மன்னர் கொலோசியத்தைத் திறந்துவைத்தபோது 100 நாள் கொண்டாட்டம். ஏறத்தாழ 50,000 பேர் கொள்ளும் அரங்கு, அனுமதி இலவசம். உட்காரும் இடம் மட்டும் அந்தஸ்துப்படி. மாதவிக்கு மன்னன் கொடுத்தது ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்.

பார்க்கிறவரே காசு கொடுத்துப் பார்ப்பது பெரிய தொழிலாக வளர்ந்ததற்கு நல்ல உதாரணம் லண்டன். 1599-இல் கட்டப்பட்ட குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தால் மேடைக்கு முன்னால் வெறுந்தரையில் நின்று பார்க்கலாம். உட்கார வேண்டுமானால் கூடுதல் காசு. முன்னணி நடிகர்கள் சிலரே பங்குதாரர்கள். மன்னருக்குப் பிடித்தால் போதும் என்றிருந்த கலை, தரையில் நிற்பவன் போர் அடித்துக் கிளம்பிப் போகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படத் தொடங்கியது. ஒரே நாடகத்தில் தத்துவமும் கத்திச் சண்டையும் அசட்டு நகைச்சுவையும் சேர்ந்து வருவதற்கு இந்தக் கலவையான கூட்டமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

4. மக்களை மயக்கி வைக்கத்தான் ராஜாக்கள் கேளிக்கை நடத்தினாங்கன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

நோக்கம் பல இடங்களில் அதுதான். பலன் மட்டும் எப்போதும் அப்படிக் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் அதிகாரிகளையும் தளபதிகளையும் தேர்ந்தெடுத்த ரோமானிய மக்கள் இப்போது ரொட்டியும் பந்தயமும் கிடைத்தால் போதும் என்று இருக்கிறார்களே என்று ஜுவெனல் என்ற ரோமக் கவிஞர் நொந்துகொண்டார். அந்த வரியைத்தான் உலகம் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறது.

ஆனால் கூட்டத்தைச் சேர்த்துவிட்டால் அது தன் இஷ்டத்துக்கும் பேசும். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் தேர்ப் பந்தய ரசிகர்கள் நீலம், பச்சை என்று இரண்டு கட்சி. எப்போதும் அடித்துக்கொள்வார்கள். 532 ஜனவரியில் இரண்டு கட்சியிலும் ஆளுக்கொருவர் தூக்குமேடை உடைந்து உயிர் தப்ப, அவர்களை மன்னிக்கும்படி இரு தரப்பும் ஒன்றாகக் கேட்டது. ஜஸ்டினியன் பேரரசர் இணங்கவில்லை. பந்தயத் திடலில் தொடங்கிய கூச்சல் நகரத்தையே எரித்தது. ஹேகியா சோபியா தேவாலயமும் தப்பவில்லை. கடைசியில் அதே திடலுக்குள் படையை அனுப்பி அடக்கினார்கள். இறந்தவர்கள் சுமார் 30,000 பேர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். மயக்கி வைக்கக் கட்டிய இடம் பேரரசின் நாற்காலியையே ஆட்டிவிட்டது.

5. சரி, மேடையில ஆட்சியாளரைக் கிண்டல் பண்ணினா ஏதாவது மாறுமா?

உடனே மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். கி.மு. 424-இல் அரிஸ்டோஃபனீஸ் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியர், கிளியோன் என்ற அரசியல்வாதியை மேடையில் கிழித்துத் தொங்கவிட்டார். ஏதென்ஸ் மக்கள் விழுந்து விழுந்து சிரித்து முதல் பரிசும் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அதே மக்கள் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிரிப்பு வேறு, வாக்கு வேறு.

மாறிய கதையும் உண்டு. 1830 ஆகஸ்ட் 25 அன்று பிரசல்ஸில், நேப்பிள்ஸ் மக்கள் கிளர்ச்சியைப் பற்றிய ஓர் இசை நாடகம். பார்த்துவிட்டு வெளியே வந்த கூட்டம் தெருவில் கலவரத்தில் இறங்கியது. அக்டோபரில் பெல்ஜியம் தனி நாடாக அறிவிக்கப்பட்டது. பாட்டு கேட்டதால் நாடு பிறந்தது என்று சொன்னால் அது மிகை. டச்சு ஆட்சி மீது கோபம் முன்பே கொதித்துக்கொண்டிருந்தது; கோபப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே இரவில் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள் என்பதுதான் நாடகம் செய்த உபகாரம்.

6. கூத்தாடின்னு இழிவா பேசின சமூகம் இன்னிக்கு நடிகர்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடுதே, எப்படி?

இழிவு உலகம் முழுக்க இருந்தது. ரோமில் நடிகருக்கும் கிளாடியேட்டருக்கும் சட்டப்படியே மானம் குறைவு. ஆனால் அவர்களைப் பார்க்க ஊரே திரளும். ஜப்பானில் கபுகி என்ற நாடக வடிவத்தைத் தொடங்கியவர் ஒகுனி என்ற பெண். 1629-இல் பெண்கள் மேடை ஏறவே தடை வந்தது. பிரான்ஸில் நடிகர்களுக்குத் திருச்சபை முறையான அடக்கத்தையே மறுத்தது. நாடக ஆசிரியரும் நடிகருமான மொலியேர் 1673 பிப்ரவரி 17 அன்று, நோயே இல்லாமல் நோயாளி என்று நினைத்துக்கொள்ளும் பாத்திரத்தில் நடித்துக்கொண்டிருந்தார். மேடையிலேயே நிஜமாக இருமல் வந்து நிலைகுலைந்தார். எப்படியோ காட்சியை முடித்து வீட்டுக்குப் போன சில மணி நேரத்தில் இறந்துபோனார். மனைவி மன்னர் வரை போய் மன்றாடிய பிறகே, அதுவும் இரவில், அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

இங்கிலாந்தில் ஹென்றி இர்விங் 1895-இல் ‘சர்’ பட்டம் பெற்ற முதல் நடிகர். அதே ஆண்டின் கடைசி வாரத்தில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டினார்கள். இரண்டும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயல்தான், ஆனால் அதற்குப் பிறகு நடந்தது தற்செயல் இல்லை. மேடை நடிகரைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். திரை அவர் முகத்தை, வீட்டு ஆட்களின் முகத்தைவிடப் பெரிதாக, அருகே கொண்டுவந்து வைத்தது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-இல் இதைப் பற்றி எழுதினார்கள்: நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது, ஆனாலும் மனசு அதை உறவாகவே எடுத்துக்கொள்கிறது. இன்று கைப்பேசியைப் பார்த்து “வணக்கம் நண்பர்களே” என்று தொடங்குகிறவர்கள் எல்லாரும் அந்த உறவில்தான் பிழைக்கிறார்கள்.

7. ஓய்வு நேரம் சாமானியனுக்கு எப்போ கிடைச்சுது?

ஓய்வு முன்பும் இருந்தது, ஆனால் திருவிழாவும் பருவமும் பார்த்து வந்தது. ஆலைகள் வந்ததும் அது நசுங்கிப்போனது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம் என்ற கோரிக்கையை பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1817-இல் முன்வைத்தார். 1856-இல் மெல்பர்ன் கல் கொத்தர்கள் வேலையை நிறுத்தி எட்டு மணி நேர வேலைநாளை வாங்கினார்கள். 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் ஓய்வையும் (24-ஆம் பிரிவு), கலைகளை அனுபவிப்பதையும் (27-ஆம் பிரிவு) உரிமையாகவே எழுதிவைத்தது. மாலை நேரத்து வேடிக்கையைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களுக்கு, அந்த மாலை நேரம் போராடி வாங்கப்பட்டது என்பதை ஞாபகப்படுத்துவேன்.

8. சினிமா, ரேடியோ எல்லாம் வந்ததும் உண்மையில என்னதான் மாறுச்சு?

கலைஞன் இல்லாத இடத்திலும் கலை நடக்கும் என்றானது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் காபிக் கடை ஒன்றின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்களின் காட்சிக்குக் காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர்தான். பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூடத் தேறாது. திரையில் இருந்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. மறுநாளும் அதே படத்தை அதே மாதிரி ஓட்டலாம்.

வானொலி இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. காற்றில் வரும் பாட்டுக்கு வாசலில் நின்று டிக்கெட் கிழிக்க முடியாது. அப்போது செலவை யார் கொடுப்பது? பிரிட்டன் ஒரு வழியைப் பிடித்தது: 1922-இல் தொடங்கிய பிபிசிக்கு, பெட்டி வைத்திருப்பவர் கட்டும் உரிமக் கட்டணம். அதே 1922-இல் நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையம் காசு வாங்கிக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு விளம்பரம் ஒலிபரப்பியது. உலகத்தின் பெரும்பகுதி போனது இரண்டாவது வழியில். 1930-களில் சோப்புக் கம்பெனிகள் பகல் நேரத் தொடர் நாடகங்களுக்குப் பணம் போட்டன. வீட்டில் இருக்கும் பெண்கள் கேட்பார்கள், அவர்கள்தான் சோப்பு வாங்குகிறவர்கள் என்ற கணக்கு. அழுகையும் சஸ்பென்ஸும் நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது கதைக்காக மட்டும் இல்லை.

9. ஒரு சிலர் மட்டும் கோடி கோடியா சம்பாதிக்கிறாங்க, மத்த கலைஞர்களுக்குச் சாப்பாட்டுக்கே இல்ல. ஏன் இப்படி?

திறமை வித்தியாசத்தால் மட்டும் என்று நம்பாதீர்கள். பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல், மிஸஸ் பில்லிங்டன் என்ற பாடகி ஒரு பருவத்தில் 10,000 பவுண்டு ஈட்டியதாகச் சொல்லப்படுவதைக் குறிப்பிட்டு, மனிதக் குரல் எட்டும் தூரத்துக்கு எல்லை உள்ளவரை வேறு எந்தப் பாடகியும் அதைப் பெரிதாகத் தாண்ட மாட்டார் என்று எழுதினார். இசைத்தட்டு அந்த எல்லையை உடைத்தது. 1981-இல் இன்னொரு பொருளாதார அறிஞர் ஷெர்வின் ரோசன் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரே பதிவு கோடிப் பேருக்குப் போகும் என்றால், கொஞ்சம் மட்டுமே சுமாரான இரண்டாமவரை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

மேடைக் கலைக்கு வேறு ஒரு கஷ்டம். நால்வர் வாசிக்கும் இசையை 200 ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான் வாசித்தார்கள், இன்றும் நால்வர்தான், நேரமும் அதே. துணி ஆலை மாதிரி வேகப்படுத்த முடியாது. ஆனால் அவர்களுக்கும் ஊரில் ஏறும் விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம் கொடுக்க வேண்டும். வில்லியம் பாமல், வில்லியம் போவன் இருவரும் 1966-இல் விளக்கிய பிரச்சினை இது. மேடைக் கலை ஏன் எப்போதும் புரவலரையோ மானியத்தையோ எதிர்பார்க்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

10. நாடகமோ சீரியலோ பார்த்து ஜனங்க திருந்தின கதை உண்டா?

உண்டு, அதுவும் சுவையான கதை. 1969-இல் பெருவில் ஒரு தொலைக்காட்சித் தொடர். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் மரியா, எழுதப் படிக்கக் கற்று, தையல் இயந்திரத்தால் முன்னேறுகிறாள். நாட்டில் தையல் இயந்திர விற்பனை கூடியது, வேலைக்காரப் பெண்கள் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார்கள். மரியாவின் கல்யாணக் காட்சியைத் தேவாலயத்தில் படம்பிடித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல துணி உடுத்தி, பரிசுப் பொருளோடு வந்து நின்றார்கள். இதைக் கவனித்த மெக்சிகோவின் மிகேல் சபிடோ 1975-இல் முதியோர் கல்விக்கென்றே ஒரு தொடர் தயாரித்தார். பிரிட்டனில் 1951 முதல் ஒலிபரப்பாகும் ஒரு வானொலித் தொடர், ஆரம்பத்தில் விவசாயிகளுக்குப் புது முறைகளைக் கதையோடு கதையாகச் சொல்லவே உருவானது.

மரியா தொடரை எழுதியவர்கள் பிரச்சாரம் செய்யக் கிளம்பவில்லை என்பதை மறக்க வேண்டாம். அறிவுரையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு மேல் கதையைப் பூசினால் பார்வையாளர் மோப்பம் பிடித்துவிடுவார். அரசுச் செலவில் எடுக்கப்படும் பல விழிப்புணர்வுப் படங்களை ஐந்து நிமிடம் பார்த்தாலே இது தெரியும்.

11. அப்போ அதே வழியில கெடுக்கவும் முடியுமே?

முடியும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் வடிவத்தில் அது வருவதில்லை. நாஜி ஜெர்மனி 1933-இலேயே மலிவு விலை வானொலிப் பெட்டியைச் சந்தையில் விட்டது. ஆனால் அந்த ஆட்சியில் வெளியான படங்களில் பெரும்பாலானவை வெறுப்புப் பிரச்சாரப் படங்கள் இல்லை. காதல், நகைச்சுவை, பாட்டுப் படங்கள். ஓயாத பிரச்சாரம் சலித்துப்போகும் என்று பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்குத் தெரியும். எல்லாம் சுமுகமாகப் போகிறது என்ற நினைப்பைத் தருவதே அந்தப் படங்களின் வேலை. 4-ஆம் கேள்வியில் ஜுவெனல் புலம்பியது இங்கே பொருந்தும். நல்ல பொழுதுபோக்குப் படம், யாரையும் திட்டவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

12. தணிக்கை எப்ப ஆரம்பிச்சுது? ஆபாசத்தைத் தடுக்கத்தானே?

பெரும்பாலும் ஆட்சியாளரின் மானத்தைக் காப்பாற்றத் தொடங்கும், பிறகு ஒழுக்கத்தின் பேரைச் சொல்லிக்கொள்ளும். பிரிட்டனில் பிரதமர் வால்போலை மேடைகள் கிண்டலடித்துத் தள்ள, 1737-இல் சட்டம் வந்தது: நாடகப் பிரதி அரண்மனை அதிகாரி ஒருவரின் அனுமதி பெற வேண்டும். அது 1968 வரை நீடித்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் 1876-இல் நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் அரசையும் வெள்ளைத் தோட்ட முதலாளிகளையும் மேடை தோலுரித்ததால்தான். சுதந்திரம் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் அது சட்டப் புத்தகத்தில் கிடந்தது.

13. ஒவ்வொரு தலைமுறையும் ‘இளசுங்க கெட்டுப்போச்சு’ன்னுதான் புலம்புது. இந்தத் தடவை மட்டும் நிஜமா?

புலம்பலின் வரலாறு நீளம். எழுத்து வந்தால் ஞாபக சக்தி போய்விடும் என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கவலைப்படுகிறார் (அதை நாம் எழுத்தில்தான் படிக்கிறோம்). 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நாவல் படிக்கும் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். 1906-இல் இசையமைப்பாளர் சூசா, இசைத்தட்டு வந்தால் பிள்ளைகள் வாத்தியம் பழகுவதையே விட்டுவிடுவார்கள் என்று எச்சரித்தார். தட்டு விற்பனையில் அப்போது இசையமைப்பாளர்களுக்குக் காசு வரவில்லை என்பதும் அவர் கோபத்தில் கலந்திருந்தது. 1938-இல் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பு பற்றிய வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே பீதியில் ஓடியது என்ற கதையும் பெரிதும் ஊதப்பட்டது. ஊதியவை செய்தித்தாள்கள், அவற்றின் விளம்பர வருமானத்தை அப்போது வானொலி பிடுங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவு சொல்லியும், இப்போதைய கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. பழைய கேளிக்கை எல்லாவற்றுக்கும் முடிவு இருந்தது. கூத்து விடிந்தால் முடியும், நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, தொலைக்காட்சியில்கூட ஒரு காலத்தில் நிலையத்தை மூடிவிட்டுப் போனார்கள். திரையை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் வடிவத்தை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பிறகு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். எப்போது நிறுத்துவது என்று முன்பு நிகழ்ச்சியே சொல்லிவிடும். இப்போது அந்த வேலை முழுக்க நம் தலையில்.

14. இலவசமாத்தானே பார்க்கிறேன், எனக்கென்ன நஷ்டம்?

8-ஆம் கேள்வியில் வந்த சோப்புக் கம்பெனியின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். இன்றும் அதே கணக்குதான். சோப்புக் கம்பெனிக்கு நாளுக்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது, இப்போது எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. சந்தா வாங்கும் நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல், தங்கள் போட்டி தூக்கத்தோடு என்று சொன்னார். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் முதலீட்டாளர்களிடம் சொன்னது.

கொலோசியமும் இலவசம்தான். அங்கே மன்னர் வாங்கிக்கொண்டது கைதட்டல். இங்கே வாங்கப்படுவது நேரமும், எதைப் பார்த்துக் கை நின்றது என்ற தகவலும். நஷ்டமா லாபமா என்பதை உங்கள் மாலை நேரத்தை வைத்து நீங்களே கணக்குப் போட வேண்டும். நான் போட்டால் அறிவுரையாகிவிடும்.

15. வன்முறைப் படமும் கேமும் பசங்களை வன்முறையாளர் ஆக்குமா?

வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற மூர்க்கத்துக்கும் சிறு தொடர்பு தெரிகிறது. ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற குற்றங்களோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது இதுதான். ஒரு கொடுமை நடந்ததும் கேம் மீது பழி போடுவது அரசியல்வாதிக்கு வசதி. வீட்டு நிலைமை, ஆயுதம் கிடைக்கும் வழி எல்லாம் பேச்சிலிருந்து நழுவிவிடும்.

16. என் பையன் நாள் முழுக்க கேம்லயே கிடக்கிறான். இது அடிமைத்தனமா?

மணிக்கணக்கை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் பார்ப்பவை: நிறுத்த நினைத்தாலும் முடியவில்லையா, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிட்டதா, படிப்பும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்கிறதா, இது வழக்கமாக ஓராண்டு நீடித்திருக்கிறதா. கோடை விடுமுறையில் நாள் முழுக்க ஆடி, பள்ளி திறந்ததும் விட்டுவிடும் பையன் இதில் வரமாட்டான். மேலே சொன்னவை பொருந்தினால் பெட்டியைப் பிடுங்கி உடைப்பதைவிட மனநல மருத்துவரைப் பார்ப்பது மேல்.

17. தனியா போன்ல பார்த்தா என்ன, கூட்டத்தோட பார்த்தா என்ன, படம் ஒண்ணுதானே?

படம் ஒன்று, உடம்பில் நடப்பது வேறு. துணையோடு இருக்கும்போது மனிதர்கள் தனிமையில் சிரிப்பதைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன். ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டிச் சிரிக்கவைத்து, பிறகு வலி தாங்கும் அளவைச் சோதித்தார்கள். சிரித்தவர்கள் கூடுதல் வலியைத் தாங்கினார்கள். லிடியாக்காரர்கள் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது போல.

தனியாகப் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் பிடிக்காத ஒன்றை ரசிக்க அதைவிட்டால் வழியில்லை. இரவல் வாங்கிய நாவலை மூலையில் உட்கார்ந்து படித்த தலைமுறையும் தனியாகத்தான் ரசித்தது. ஆனால் ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரையில் இருந்தால், மறுநாள் சேர்ந்து பேசி வாதாட ஒரு கதை இருக்காது. 1-ஆம் கேள்வியில் சொன்ன வேலைகளில் அது ஒன்று, அது மட்டும் காணாமல் போகிறது.

18. இப்போ எந்திரமே பாட்டும் படமும் போடுது. இனிமே கலைஞன் எதுக்கு?

ஜப்பானில் பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர்கள் இருந்தார்கள்; பென்ஷி என்று பெயர். படத்தின் நாயகனுக்காக வந்தவர்களைப் போலவே பென்ஷிக்காக வந்தவர்களும் உண்டு. பேசும் படம் அங்கே மெதுவாகப் பரவியதற்கு அவர்களின் செல்வாக்கும் ஒரு காரணம். ஆனால் 1930-கள் முடிவதற்குள் அந்தத் தொழில் ஏறக்குறைய அழிந்துவிட்டது. திரையரங்குகளில் வாத்தியம் வாசித்தவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே ‘கலைஞனை எதுவும் அசைக்க முடியாது’ என்று நான் சொல்ல மாட்டேன். சில வேலைகள் போகும். போனவை திரும்பி வந்ததில்லை.

யாருடைய வேலை, எந்த நிபந்தனையில் போகும் என்பதை எந்திரம் தீர்மானிக்காது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் போட்ட ஒப்பந்தப்படி, எந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் வைக்க முடியாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சங்கம் இருந்தது, பேரம் பேச முடிந்தது. சங்கம் இல்லாத விளம்பரப் பாடகர், பின்னணிக் குரல் கலைஞர், அட்டைப்பட ஓவியர் ஆகியோருக்காக அப்படிப் பேரம் பேச இன்னும் ஆளில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவரும் ஒரு பின்னணிக் குரல் கலைஞர்தான். பழைய பதிவுகளிலிருந்து தன் குரலை யார் யார் எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும்படி அவரிடம் சொன்னேன். இதுவரை தன் கையில் ஒப்பந்தம் என்று எதுவும் கொடுக்கப்பட்டதே இல்லை என்றார்.